பிரேக் முதலில், பெயின்ட் அப்புறம்

5 செப். 1999, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும்.

மார்க்கெட் போய்விட்டுப் பையோடு வருகிறேன், காம்பவுண்டுக்குள் முன்பின் தெரியாத இரண்டு பேர். என் ஹெரால்டுக்கு ஜாக்கி போட்டு, முன்சக்கரத்தைக் கழற்றிக் கீழே வைத்திருக்கிறார்கள். யாரப்பா நீங்கள் என்றால், "குஜ்ரிக் கடைங்கக்கா. சார் அட்வான்ஸ் வாங்கிட்டாரு. உங்களுக்குச் சொல்லலியா?"

சொல்லவில்லை. கல்யாணத்துக்கு அப்பா எனக்குக் கொடுத்த கார். பழைய இரும்புக்குப் போகிறது என்று குஜ்ரிக்காரனுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.

"சக்கரத்தை மாட்டிட்டு இடத்தைக் காலி பண்ணுங்க!" தெருவே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும். பையிலிருந்த கத்தரிக்காய் உருண்டு சாக்கடைக்குப் போனது.

என் வீட்டுக்காரர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஆயுத பூஜைக்குப் புதுக் கார் வருது. லோன் சாங்ஷன் ஆயிடுச்சு. நிறுத்த இடம் ஒண்ணுதானே இருக்கு? அது வெறும் துரு, வசந்தி."

லோன் போட்டதே இன்றுதான் எனக்குத் தெரியும். சாயந்திரம் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். ராத்திரிக்கு ரசம் மட்டும். அது போதும்.

7 செப்., செவ்வாய்

ஆபீஸ் போகுமுன் தார்பாயை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"பத்திரமா இருக்கட்டும்" என்று ஒன்பது வருஷம் முன்னால் மூடினார். உள்ளே ஈரம் தங்கித் தங்கி எல்லாம் போச்சு. சீட்டில் எலிக் குடும்பம். கதவுக்குக் கீழே விரலை வைத்தால் அப்பளம் மாதிரி உடைகிறது. டிரைவர் காலடியில் தரையே இல்லை, சிமென்ட் தெரிகிறது.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்பக்கத்தை மட்டும் திறந்து பொட்டு வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டி, திரும்ப மூடினோம். ஒரு வருஷமாவது எஞ்சினைக் கிளப்பினாரா மனுஷர்? சாமி பெயரைச் சொல்லி நன்றாக அழுக விட்டார்.

டயரை உதைத்தேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது. அயோடெக்ஸ் தீர்ந்துபோச்சு, வாங்க வேண்டும்.

11 செப்., சனி

சிவாஜிநகரிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். கேள்வி எல்லாம் நான் கேட்டேன். பதில் எல்லாம் என் வீட்டுக்காரருக்கு.

"பிரேக் சரி பண்ண முடியுமா பாய்?"

"சார், டிங்கரிங் பண்ணி நல்ல சிவப்பா பெயின்ட் அடிச்சா ஜம்முனு இருக்கும் சார்."

"நான்தான் கேட்கறேன். பிரேக்."

"அதெல்லாம் ஆயிடும்மா. நான் சார்கிட்ட பேசிக்கிறேன்."

சாருக்கு கார்புரேட்டர் எது, பேட்டரி எது என்று தெரியாது. ஓசூர் ரோட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க, இருபது வயசில் லைசென்ஸ் எடுத்தவள் நான்.

பணமும் என்னுடையது. சீட்டு எடுத்த முப்பதாயிரம். அதற்கு வெளியே தகரத்தை அடைத்துப் பெயின்ட் அடித்து அழகு பண்ணலாம். அல்லது தரை, பிரேக், ஒயரிங், எஞ்சின் பார்த்து ஓட வைக்கலாம். இரண்டும் முடியாது.

"செய்யறதுன்னா பாக்க லட்சணமா செய். இல்லன்னா தூக்கிப் போடு" என்றார். ஒரு பைசா போடாதவருக்கு லட்சணம் வேறு.

14 செப்., செவ்வாய்

ஆபீஸில் சரளா: "பைத்தியமாடி உனக்கு? அந்தப் பணத்துக்கு வளையல் வாங்கிப் போட்டுக்கோ."

அவள் சொல்வதும் சரி. ஸ்பேர் கிடைக்காது. பெட்ரோல் குடிக்கும். நாள் பூரா யோசித்துவிட்டு, சாயந்திரம் அவரிடம், "குடுத்துடலாமான்னு பாக்கறேன்" என்றேன்.

அதோடு அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் கார் போயே போயிருக்கும். "அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துதே. உனக்கெதுக்கும்மா கார்? நீ எங்க போற?"

நான் எங்கே போகிறேனா?

– ஆபீஸ். இரண்டு பஸ் மாறி. அவருக்கு பீன்யா வரைக்கும் கம்பெனி வேன்.

– அவர் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு. ஆட்டோக்காரன் "பரல்ல மேடம்", வரமாட்டானாம், என்று கையை ஆட்டிவிட்டுப் போவான். மழையில் மாமியாரைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன்.

– கரண்ட் பில், ரேஷன், பேங்க்.

– அவர் தங்கை பிரசவத்துக்கு அத்திபெலேவரை சாப்பாட்டுக் கேரியர், பஸ்ஸில் நின்றுகொண்டு.

– எங்கப்பாவுக்கு முடியவில்லை என்று ஓசூரிலிருந்து போன் வந்த அன்றைக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு. அன்றைக்கு ஹெரால்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வாசலில்தான் நின்றது. லைசென்ஸ் என் பீரோவில். சாவி இவர் பேன்ட் பையில். இவர் கோயமுத்தூரில். வீட்டுப் பொம்பளை ஓட்டினால் நன்றாக இருக்காது என்று கல்யாணம் ஆன வாரமே வாங்கி வைத்துக்கொண்ட சாவி. நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை.

நீ எங்க போற என்கிறார்.

செய்கிறேன். முப்பதாயிரத்தையும் போடுகிறேன். பெயின்ட் கிடையாது.

20 செப்., திங்கள்

லீவ் போட்டுத் தனியாக பாய் கடைக்குப் போனேன். "தரை, பிரேக், ஒயரிங், எஞ்சின். மேலே ஒரு சொட்டு பெயின்ட் பட்டாலும் பணம் வராது பாய்."

"சார் என்ன சொல்றாரு?"

"சாரோட வண்டி இல்ல பாய் இது."

எனக்கு ஒரு டீ சொன்னார். டீயில் சர்க்கரை ஜாஸ்தி. மத்தியானம் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். லைசென்ஸைப் புதுப்பிக்கக் கொடுத்தாயிற்று. டிரைவிங் ஸ்கூலிலும் ஒரு வாரம் சேர்ந்திருக்கிறேன், கை மறந்திருக்கும்.

10 அக்., ஞாயிறு

கொலு வைத்தேன். சுண்டலுக்குக் கடலை ஊறப்போட வேண்டும்.

வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கக் கடைக்குப் போனால் பாய் தலையைச் சொறிகிறார். "சார் போன் பண்ணாரும்மா. சிவப்பு அடிச்சிடு, பிரேக்குக்கு வெச்ச காசுல கழிச்சுக்கோ, மேடத்துக்குச் சொல்லாதேன்னாரு." நல்லவேளை, பாய் இன்னும் அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஊர் சிரிக்கக் கூடாதேன்னுதான்" என்கிறார். பளபளவென்று போய் லாரியில் முட்டினால் ஊர் சிரிக்காதா? நான் செத்தாலும் பரவாயில்லை, கார் சிவப்பாக இருக்க வேண்டும்! வாய்க்கு வந்ததை எல்லாம் கேட்டுவிட்டேன். மாடிவீட்டு அம்மா ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்டாள். கேட்கட்டும்.

18 அக்., திங்கள். ஆயுத பூஜை

நல்ல வெயில். வாழைக்கன்று கொள்ளை விலை.

நேற்றைக்கே ஹெரால்டை நானே ஓட்டிவந்து காம்பவுண்டுக்குள் நிறுத்திவிட்டேன். உடம்பெல்லாம் சாம்பல் திட்டு. வலது கதவு வேறு ஏதோ வண்டியோடது, நீலம். பிரேக் மிதித்தால் நிற்கிறது. இவருடைய புது வெள்ளைக் கார் காலையில் வந்து ரோட்டில் நிற்கிறது.

"ஆபீஸ்காரங்க வருவாங்க. இன்னிக்கு ஒரு நாள் இதைப் பின்தெருவுல நிறுத்திடேன்."

பூஜைத் தட்டை எடுத்துவந்தேன். இரண்டுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். சூடம் காட்டிவிட்டுத் தட்டை உள்ளே வைத்துவிட்டு வருகிறேன், மனுஷர் நீலக் கதவைத் திறந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"பிரேக் எப்படி இருக்குன்னு ஒரு ரவுண்டு பாத்துட்டு வரேன்."

"இறங்குங்க."

இறங்கினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். முதல் தடவையிலேயே கிளம்பியது.

"நானும் பக்கத்துல உக்காந்துக்கட்டுமா?"

"வேண்டாம். கேட்டைத் திறங்க."

திறந்தார்.