தோள்வலி என்று சொன்னீர்களே, அப்பா

அப்பா,

இந்த வருஷத்து அந்தோணியார் திருவிழா நோட்டீஸ் நேற்று கைக்கு வந்தது. கோயம்புத்தூருக்கு வேலையாக வந்த தங்கச்சி மகன் எங்கள் துறவற சபை இல்லத்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனான். மஞ்சள் தாள், அதே மட்டமான மை வாசனை. கொடியேற்றம், நவநாள், கூட்டுத் திருப்பலி என்று வரிசையாகப் போட்டுக் கடைசியில் ஒரு வரி: "புனிதரின் சப்பரம் வழக்கமான வீதிகளில் பவனி வரும்." படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. வழக்கமான வீதிகளாம்! மேலவீதியில் கிளம்பித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிடும். தொட்டிக்குக் கீழே நம் காலனியில் கிடப்பதெல்லாம் வீதி இல்லாமல் வேறென்ன?

இந்தக் கோபத்தை அச்சடித்தவர்கள் மேல் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அது சுற்றிச் சுற்றி உங்களிடம்தான் வந்து நிற்கிறது. இறந்துபோனவரோடு சண்டைக்கு நிற்கிறானே என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். நான் வேறு யாரிடம் கேட்பது?

பல்லடம் பக்கத்துத் தறிக் கொட்டகையில் ஒரு நாள் லீவு கேட்கக் கூசுகிற நீங்கள், திருவிழா வந்தால் மட்டும் ஒரு வாரம் போகமாட்டீர்கள். சப்பரம் கட்டுவது நம் வீட்டு வேலை. மூங்கில் பிளந்து, ஜிகினாத் தாள் ஒட்டி, கயிற்றை முறுக்கி முறுக்கி இறுக்குவீர்கள். நாலு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "செரி, ஆச்சுங்க சாமி" என்று பங்குச் சாமியாரிடம் சொல்வீர்கள். அந்தோணியார் சுரூபம் சப்பரத்தில் ஏறிய அடுத்த நிமிஷம் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளிப் போய் நின்றுவிடுவீர்கள். தண்டுக்குத் தோள் கொடுப்பது மேலவீதி ஆட்கள் மட்டும்தான். அவர்களும் வேதக்காரர்கள், நாமும் வேதக்காரர்கள். ஞானஸ்நானம் கொடுத்ததும் கோயிலுக்குள் இருக்கிற ஒரே தொட்டியில்தான்.

சின்ன வயதில் உங்களிடம் கேட்டேன். "ஏனுங்கப்பா, நீங்க தூக்கமாட்டீங்களா?"

"கட்டறது நாம, தூக்கறது அவிய. அவியவிய வேலை கண்ணு" என்றீர்கள். முகத்தில் வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சபையில் சேர்ந்து பிரதர் ஆனதும், தொண்ணூறுகளின் நடுவில், என்னைப் பெரு நாட்டுக்கு மறைப்பணிக்கு அனுப்பினார்கள். வடக்குக் கடலோரம். பருத்திக் காடு, புழுதி, வழி நெடுக வேலிக்காத்தான். பஸ்ஸை விட்டு இறங்கியபோது இத்தனை தூரம் பறந்து மறுபடி பல்லடத்துக்கே வந்துவிட்டோமா என்றிருந்தது. பாஷைதான் ஸ்பானிஷ். நான் வாசகம் வாசித்தால் முன்வரிசைக் கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பூசை முடிந்ததும் அவர்களே வந்து, "எர்மானோ, சாப்பிட்டீரா?" என்பார்கள். எர்மானோ என்றால் சகோதரன்.

அங்கேயும் திருவிழா அந்தோணியாருக்குத்தான். விழாக் குழுவின் தலைவி தோன்யா ரோசா. சந்தையில் மீன் விற்கிற அம்மாள், குரல் எடுத்தால் சந்தையே அடங்கும். சப்பரத்துக்குக் கயிறு இறுக்க நானும் கை கொடுத்தேன். நீங்கள் முறுக்குகிற மாதிரியே முறுக்கினேன். சுரூபம் ஏறியது. என் கால் தானாகப் பின்னால் போய்விட்டது. யாரும் போகச் சொல்லவில்லை, அப்பா. நானாகவே போனேன்.

"எங்கே ஓடுகிறீர்? முன்தண்டைப் பிடியும்" என்று அவர் அதட்டினார்.

"யாரிடம் கேட்க வேண்டும்?" என்றேன்.

"எதற்குக் கேட்க வேண்டும்?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்படி ஒன்றைக் கேட்பார்கள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. நான் தோள் கொடுத்தேன். கனம் எலும்பில் இறங்கியது. தெரு முழுக்க அழுதுகொண்டே நடந்தேன். பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

பவனி முடிந்ததும் மைக்கை என் கையில் கொடுத்து, உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டார்கள். "எங்கள் ஊரிலும் இப்படித்தான். அங்கே என் அப்பாதான் முதல் தோள்" என்று சொல்லிவிட்டேன். அங்கி போட்டவன், பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, வாய் கூசாமல்! கோயிலே எழுந்து உங்களுக்காகக் கை தட்டியது.

அன்றைக்கே நம் ஊருக்குப் புதிதாக வந்திருந்த சாமியாருக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த திருவிழாவில் என் அப்பாவை முன்தண்டுக்குக் கூப்பிடுங்கள் என்று கேட்டேன். தைரியமான மனுஷன், கட்டாயம் செய்கிறேன் என்று பதில் போட்டார்.

செய்தார். நடந்ததைத் தங்கச்சி எழுதியிருந்தாள். சாமியார் மைக்கில் உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். மேலவீதிக்காரர்கள் முகம் செத்துப்போனதாம், ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். முன்தண்டில் நின்ற உங்கள் தறி முதலாளி ஓரடி நகர்ந்து இடம்கூட விட்டாராம். காலனிச் சனம் மொத்தமும் தொட்டியடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நீங்கள் இரண்டு கையையும் கூப்பி, "வேண்டாங்க சாமி, எனக்குத் தோள்வலிங்க" என்று சொல்லிப்போட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டீர்கள்.

தோள்வலியா? பாவு நூல் சுற்றிய பீம் உருளையைத் தனியாளாகத் தோளில் ஏற்றித் தறிக்குக் கொண்டுபோகிற தோளுக்கா வலி? ஐயோ அப்பா, ஓரடி இடம் விட்டார்களே! அந்தச் சாமியாரை அடுத்த வருஷமே மாற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் காலனிப் பையன்கள் எப்போது போய்க் கேட்டாலும் மேலவீதியில் ஒரே பதில்: "உங்க பெரியவரே வேண்டாம்னுட்டாருங்களே." சிரித்துக்கொண்டே, மரியாதையாகச் சொல்கிறார்கள். உங்கள் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இன்றுவரை கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள்.

நீங்களும் ஒரு கடிதம் போட்டீர்கள். "கண்ணு, நீ அங்க இருந்துக்கிட்டு எழுதற. நாங்க நாளைக்கும் இங்க பொளைக்கோணும். தங்கச்சியும் அதே கொட்டகைலதான் வேலைக்குப் போகுது." அவ்வளவுதான். படித்துவிட்டுக் கசக்கி எறிந்தேன். பதில் எழுதவில்லை. மாதங்கள் போயின. அப்புறம் வந்தது உங்கள் கடிதம் இல்லை. தறியடியிலேயே சாய்ந்துவிட்டீர்கள் என்று தகவல். அடக்கத்துக்கு நான் வந்து சேர முடியவில்லை.

கோபத்தில் பாதி என் மேல்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். சாமியாரைக் கேட்டேனே தவிர உங்களை ஒரு வார்த்தை கேட்டேனா? கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, என் பொய்யை மெய்யாக்க உங்கள் தோளைக் கடன் கேட்டேன். முதலாளி கண் முன்னால் நிற்கப் போவது நீங்கள், மறுநாள் வேலைக்குப் போகப் போவதும் நீங்கள். எனக்கென்ன போயிற்று? இது புரிந்தும் உங்கள் மேல் உள்ள கோபம் குறையவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தூக்கியிருக்கலாம்.

நீங்கள் போன பிறகு வந்த திருவிழாவில், அந்தப் பெரு நாட்டு ஊரில், முன்தண்டில் ஓர் இடத்தை ஆளில்லாமல் விட்டிருந்தார்கள். அங்கே ஒரு கறுப்பு ரிப்பன் கட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "உம் அப்பாவுடைய இடம். முதல் தோள் ஆயிற்றே" என்றார் தோன்யா ரோசா. உங்கள் பங்குக் கனத்தையும் மற்றவர்கள் சேர்த்துச் சுமந்துகொண்டு, மூச்சு வாங்க, ஊர் முழுக்கச் சுற்றினார்கள். ஒரு சந்து பாக்கி வைக்கவில்லை.

இந்தியா திரும்பி இத்தனை வருஷமாகியும் அந்த ஊருக்கு நான் இன்றுவரை உண்மையை எழுதவில்லை, அப்பா. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். எழுதினால் அங்கேயும் நீங்கள் தூக்காதவர் ஆகிவிடுவீர்கள்.