எண்ணெய்க் குத்தகைக் கூட்டத்தில் உங்களுக்கு எதிராகப் பேசினேன்

எந்த இடத்திலும் எனக்கு ஓரடி முன்னால் நடந்த என் யோகம் மச்சாளுக்கு,

மாசிப் பனியில் உங்களை அனுப்பிவைத்தோம். இப்போது புரட்டாதி பிறந்துவிட்டது. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பீர்களானால், முன்னைப் போலவே உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆள் போனால் அதுவும் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை, மச்சாள். கூடித்தான் இருக்கிறது.

உங்கள் செத்தவீட்டிலேயே அது தொடங்கிவிட்டது. மண்டபம் நிறைந்து, டொச்சுக்காரச் சனமும் எங்கள் சனமுமாக வெளியே பனிக்குள் நின்றார்கள். மேயர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். பீலெஃபெல்டில் இருந்தும் ஹனோவரில் இருந்தும் கார் கட்டி வந்திருந்தார்கள். நான் என் மனுசனுக்கு, அதுதான் உங்கள் தம்பிக்கு, பக்கத்தில் நின்று வந்தவர்களுக்குக் கை கொடுத்தேன். உண்மையாகவே அழுதேன். அழுதபடியே, என்னுடையதற்கு இதில் பாதிச் சனமாவது வருமா என்றும் யோசித்தேன்.

கலியாணம் கட்டி இந்த ஜேர்மனியில் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் அதிகாரி என்னிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். அன்று தொடங்கியது. டொக்டரிடம் போனாலும் நீங்கள், அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் நீங்கள். என் வயிற்றுவலியைக்கூட நீங்கள் என்னைவிட நன்றாகச் சொன்னீர்கள். எனக்கு அது உதவிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தன் வலியை இன்னொருத்தி அழகாகச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா?

சரி, செய்திக்கு வருகிறேன்.

எண்ணெய்க் கிணறு வேண்டாம் என்று நீங்கள் கையெழுத்துச் சேர்த்துத் திரிந்த அந்தப் புல்வெளி விசயம் வைகாசியில் திரும்பவும் கிளம்பியது. வாய்க்காலுக்கு அங்கால் உள்ள நகரசபைக் காணியை எண்ணெய்க் கொம்பனி புதிதாகக் கிணறு தோண்டக் குத்தகைக்குக் கேட்டது. இந்த முறை மேயர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார். குத்தகைக் காசு முழுவதும் சமூக சேவைகளுக்குத்தானாம். இல்லாவிட்டால் அடுத்த வருடம் எங்கள் ட்ரெஃபைப் பூட்டவேண்டி வருமாம். அயலார் வந்து கூடுகிற, நீங்கள் புதிதாக வந்த சனத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த, நான் புதன்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு சமைக்கிற அதே ட்ரெஃபைத்தான் சொன்னார்.

அதோடு ட்ரெஃபின் சேவை எப்படி என்று நகரசபை மதிப்பீடும் செய்தது. ஊர்ச்சனம் கருத்து எழுதலாம் என்றார்கள். எழுதினார்கள். ஆனியில் நகரசபைக் கட்டடமான றாட்ஹவுஸில் கூட்டம் வைத்து, முதலில் மதிப்பீட்டுக் கருத்துகளைத் திரையில் காட்டுவது, பிறகு குத்தகையைப் பற்றிப் பொதுமக்கள் பேசுவது என்று அறிவித்தார்கள்.

கூட்டத்துக்கு முந்திய கிழமை பிர்கிட் வந்தாள். உங்களோடு வீடு வீடாகத் திரிந்த அந்த உயர்ந்த மனுசி. உங்கள் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். கூட்டத்தில் நான் முன்வரிசையில் இருந்து அந்தப் படத்தை மடியில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமாம். "நீங்கள் ஒன்றும் பேசத் தேவையில்லை. யோகா எங்களோடு இருக்கிறாள் என்று எல்லாரும் காண வேண்டும், அவ்வளவுதான்" என்றாள்.

ஒன்றும் பேசத் தேவையில்லை! எத்தனை வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். இப்போது நீங்கள் இல்லாதபோதும் உங்கள் படத்துக்கு நான் மேசையா?

"எனக்கு ஏலாது" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. நான் துக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்து என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரம் உங்கள் தம்பியிடம், கூட்டத்தில் நான் பேசப்போகிறேன் என்று சொன்னேன்.

"என்னத்தைப் பேசப் போறாய்?"

"குத்தகைக்குக் குடுக்கச் சொல்லி."

தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கென்ன விசரே? அக்கா அலைஞ்ச அலைச்சல் என்ன, நீ அவவின்ர பேரைக் கெடுக்கப் போறியோ?"

"நான் என்ர பேரிலதான் பேசப் போறன்."

"அக்கா எண்டா இப்பிடி ஒருநாளும் செய்யமாட்டா" என்றார். அந்த வசனத்தை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன், மச்சாள்? சாம்பாரில் தொடங்கி சீட்டுப் பிடித்தது வரைக்கும் அதே வசனம்தான்.

கூட்டத்துக்கு உங்கள் தம்பி வரவில்லை. நான் தனியாகப் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். பிர்கிட்தான் உங்கள் படத்தை முன்வரிசைக் கதிரை ஒன்றில் மேடையைப் பார்க்க வைத்திருந்தாள். உள்ளே வரும்போது பார்த்தேன், அந்தப் படத்திலும் நீங்கள் வடிவு.

முதலில் திரையில் கருத்துகள் வந்தன. ஒரு இளம் பெண் அதிகாரி ஒவ்வொன்றாக வாசித்தாள். இவர்களுக்கு நீங்கள் ஃப்ரௌ யோகா, திருமதி யோகா. "ஃப்ரௌ யோகா இல்லாத ட்ரெஃபை நினைக்கவே முடியவில்லை." "ஃப்ரௌ யோகா என் விண்ணப்பத்தை நிரப்பித் தந்தார், இன்று எனக்கு வேலை இருக்கிறது." இவை நியாயம். ஒன்றும் சொல்வதற்கில்லை. பிறகு ஒன்று வந்தது: "புதன்கிழமைகளில் ஃப்ரௌ யோகாவின் பருப்பு சூப் இந்த நகரத்தின் சிறந்த உணவு."

மச்சாள், உங்களுக்கு ஒழுங்காக வெங்காயம் வெட்டத் தெரியாது! அந்த சூப்பை நான் காய்ச்சுவேன், நீங்கள் கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோய்ச் சிரித்துக்கொண்டு கொடுப்பீர்கள். உள்ளே ஆவிக்குள் நிற்பவளின் முகம் யாருக்குத் தெரியும்? சபை முழுக்கத் தலையாட்டியது. ஒருவர் கண்ணைத் துடைத்தார். என் சூப்புக்காக உங்களை நினைத்து அழுதார். எனக்குக் காது இரண்டும் கொதித்தது.

பிறகு குத்தகை. எழும்பிப் பேச வந்த முதல் ஆள் உங்கள் மகள் அபி.

ஹனோவரில் படிக்கிறவள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வந்திருந்தாள். உங்களைப் போலவே ஒலிவாங்கியைப் பிடித்துக் கொஞ்சம் இறக்கினாள். உங்களைப் போலவே இடது கையை விரித்துக்கொண்டு பேசினாள். அந்தப் புல்வெளிக்குப் பக்கத்தில்தான் ஊருக்குக் குடிதண்ணீர் வரும் கிணறுகள் இருக்கின்றன, ஒரு தரம் கெட்டால் அதைத் திருப்பி எடுக்க முடியாது என்றாள். "ட்ரெஃப் நல்லது என்று நீங்களே மதிப்பிட்டிருக்கிறீர்கள். நல்லதென்றால் அதற்கு நேராகக் காசு ஒதுக்குங்கள். கிழவர்களின் சாப்பாட்டுத் தட்டைக் காட்டி எங்களைப் பயமுறுத்தாதீர்கள்" என்றாள். கைதட்டல் நிற்கவில்லை.

எனக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு உங்கள் மீது வந்த எரிச்சலை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதாமல் விடவும் மனமில்லை. ஒரு மனுசி செத்த பிறகும் எழும்பி நின்று பேசுகிறாள், பிள்ளையின் வாயால்! இதை யார் வெல்வது?

கையை உயர்த்தினேன். அதிகாரி என் பெயரைக் கேட்டாள். யாரோ பக்கத்தில் இருந்து, "ஃப்ரௌ யோகாவின் சொந்தக்காரி" என்று சொன்னார்கள். சபை என்னை அன்போடு திரும்பிப் பார்த்தது.

இவ்வளவு காலம் இருந்தும் என் டொச் உடைந்த டொச்தான். ஆனாலும் பேசினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"என் பெயர் வசந்தி. நான் ஃப்ரௌ யோகா இல்லை. பருப்பு சூப் நான் காய்ச்சுவது."

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"புதன்கிழமை வருகிற சிலர் அன்றைக்கு மட்டும்தான் இன்னொரு மனிதரோடு இருந்து சாப்பிடுகிறார்கள். ஃப்ரௌ லிண்ட்னர் கதவு திறக்க முதலே வந்து மழைக்குள் நிற்பா. ட்ரெஃபைப் பூட்டினால் அவ எங்கே போய் நிற்பா? குடிதண்ணீர் முக்கியம், எனக்கும் தெரியும். ஆனால் இங்கே எண்ணெய் வேண்டாம் என்கிற நீங்கள் கனபேர் காரில் வந்தீர்கள். அந்த எண்ணெயும் ஏதோ ஒரு ஊர் நிலத்தில் இருந்துதான் வருகிறது. அந்த ஊரிலும் ஆட்கள் தண்ணீர் குடிக்கிறார்கள். அவர்களுக்குக் கூட்டம் வைத்து யாரும் கருத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். காணியைக் குத்தகைக்குக் கொடுங்கள். கவனமாகத் தோண்டச் சொல்லுங்கள். ட்ரெஃபைப் பூட்டாதீர்கள்."

ஒருவரும் கைதட்டவில்லை. பிறகு, புதன்கிழமை சாப்பிட வரும் ஹெர் க்ரூகர் தன் ஊன்றுகோலால் நிலத்தில் இரண்டு தரம் தட்டினார். அவ்வளவுதான். நான் இருந்துவிட்டேன். உங்கள் படம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

முடிந்து படியிறங்கும்போது பிர்கிட் வந்து மறித்தாள். "இதைக் கேட்டிருந்தால் யோகாவுக்கு மனம் உடைந்திருக்கும்" என்றாள். உடைந்திருக்குமா, மச்சாள்?

வெளியே இன்னும் வெயில் இருந்தது. அபி பின்னால் ஓடி வந்தாள்.

"மாமி, நில்லுங்கோ."

"கோவமோ?" என்று கேட்டேன்.

"ஓம், கோவம்தான். நீங்கள் சொன்னதில பாதி பிழை. நான் கார்ல வரேல்ல, ரயில்லதான் வந்தனான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ஆனா மற்றப் பாதிக்கு எனக்கு மறுமொழி தெரியேல்ல."

பக்கத்துச் சுவரில் இருந்தோம். நான் கேட்டேன்: "கொம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பா, பிள்ளை?"

"சண்டை பிடிச்சிருப்பா. அவவுக்கு நல்லாப் பிடிச்சிருக்கும், மாமி. அம்மாவோட ஒருத்தரும் சண்டை பிடிக்கிறேல்ல. அப்பா எல்லாத்துக்கும் ஓம். மாமாவும் ஓம். நீங்கள் வாயைத் திறக்காமல் முகத்தில மட்டும் காட்டுவியள். வீட்டை வந்து சொல்லுவா, 'வசந்தி என்ன நினைக்கிறாள் எண்டு அறியேலாமக் கிடக்கு' எண்டு."

நான் சுவரில் இருந்த பாசியை நகத்தால் சுரண்டினேன்.

"இன்னொண்டும் சொல்லட்டோ? உங்கட குசினிக்குள்ள அந்த வயசுபோன ஆக்கள் வந்து நிண்டு சிரிக்கிற சத்தம் கேட்டா அம்மா எழுதுறதை விட்டிட்டு எட்டிப் பாப்பா. 'என்னட்டை எல்லாரும் அழத்தான் வருகினம், சிரிக்கிறது அவளோடதான்' எண்டுவா. அவவுக்கு அதில சரியான எரிச்சல்."

மச்சாள், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது. நீங்களா? என்னைப் பார்த்தா? ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? அபியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புட்டு அவித்துக் கொடுத்தேன். உங்கள் தம்பி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் புல்வெளியைப் பற்றி அங்கேயும் சண்டை பிடித்தோம். சாப்பிட்டு முடிந்தபோது அவர், "ரெண்டு பேரும் சொல்லுறதில ஞாயம் இருக்கு" என்றார். அந்த வீட்டில் "அக்கா எண்டா" என்று தொடங்காமல் அவர் சொன்ன முதல் தீர்ப்பு அது.

ஊன்ட்றொப்பில் அம்மன் கோயில் தேருக்குப் போனோம். கூட்டத்துக்குள் ஒரு மனுசி என் கையைப் பிடித்து, "நீங்கள் யோகமக்காவின்ர தம்பி பெண்சாதியெல்லோ?" என்றாள். "ஓம். பேர் வசந்தி. அவவோட ஒத்துப்போகாத மச்சாள்" என்றேன். அவள் திகைத்துப்போய் அம்பாளைப் பார்த்துக் கும்பிட்டாள்.

இந்த மாதம் சபையில் வாக்கெடுத்தார்கள். குத்தகை இல்லை. நீங்களும் அபியும் வென்றுவிட்டீர்கள். ட்ரெஃபை முழுதாகப் பூட்டவில்லை, ஆனால் சம்பளத்துக்கு இருந்த பெண்ணை நிறுத்தி, கிழமையில் ஒரு நாள் மட்டும் திறக்க விட்டிருக்கிறார்கள். புதிதாக வருகிற சனத்துக்குக் கடிதம் எழுத இப்போது ஆள் இல்லை. அது எனக்குக் கவலை. தண்ணீர்க் கிணறு தப்பியதில் எனக்குள்ளும் ஒரு நிம்மதி இருக்கிறது. அதை நான் அபியிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

வாக்கெடுப்பு முடிந்த மறுநாள் நானே பிர்கிட்டின் வீட்டு மணியை அடித்தேன். "வென்றுவிட்டீர்கள். இனிச் சம்பளத்துக்கு ஆள் இல்லை. புதன்கிழமை காலையில் வந்து வெங்காயம் உரிக்க வேண்டும்" என்றேன். முகம் சிவந்தது. வந்தாள். உங்களைவிட நன்றாக வெட்டுகிறாள். ஃப்ரௌ லிண்ட்னர் அவளுக்குச் சொன்ன பகிடியைக் கேட்டு இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நான் அடுப்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். இனி அவள்மீதும் பொறாமைப்பட வேண்டும்போல் இருக்கிறது.

மாசியில் உங்கள் ஆட்டைத் திவசம் வரும். மண்டபம் எடுத்துச் செய்யப் போகிறார்கள். ஒவ்வொருவராக எழும்பி உங்களைத் தெய்வமாக்குவார்கள். ஆக்கட்டும். என் முறை வரும்போது நான் எழும்பி, நீங்கள் எங்கே பிழை விட்டீர்கள், எதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை, எதற்காக உங்களைப் பார்த்து எரிந்தேன் என்று ஒன்றும் ஒளிக்காமல் சொல்லுவேன். உங்கள் தம்பி தலையைக் குனிவார். அபி சிரிப்பாள். வசந்தி என்ன நினைக்கிறாள் என்று நீங்கள் அறிய விரும்பினீர்களாமே. இனி எல்லாவற்றையும் சொல்லுவேன், மச்சாள். இது சத்தியம்.

உங்களோடு சண்டை பிடிக்கத் தாமதமாகத் தொடங்கிய,
உங்கள் தம்பி பெண்சாதி,
வசந்தி