வெங்காயச் சாக்கில் ஒரு கிணறு

மச்சான்,

இதெல்லாம் நடக்கும் என்று அப்போதே சொன்னவன் நான். உன் எழுத்தை வாசிக்கச் சீனாவிலிருந்து இன்னும் ஆட்கள் வருவார்கள் என்று உனக்குச் சொன்னேனா இல்லையா? இன்று காலை சுன்னாகம் சந்தைக்கு வந்துவிட்டார்கள். சாக்குக்குக் குறி போட்ட கறுப்புப் பெயின்ற் என் விரலில் இன்னும் மணக்கிறது. கழுவாமலே இதை எழுதுகிறேன்.

தொடக்கம் உனக்குத் தெரியும். என்றாலும் நான் சொன்னால்தான் அது வடிவாக இருக்கும். உரும்பிராயில் பாதிப் பேருக்கு உன் முதலெழுத்துத்தான். சாக்கில் 'க' என்று போட்டால் யாருடைய 'க' என்று சந்தையில் எவருக்கும் தெரியாது. ஒரு போகம் உன் நல்ல வெங்காயம் வேறு யாருடைய பெயரிலோ போய், அந்த ஆளுடைய அழுகல் உன் பெயரில் நின்றது. அன்று நீ சாப்பிடவில்லை. "எனக்கெண்டு ஒரு குறி வேணும் மச்சான். வேறை ஒருத்தனும் போடாத குறி" என்றாய்.

அந்தக் கிழமைதான் நீ வாங்கிய சீனத்துத் தண்ணீர் இறைப்பு மெசின் வந்து இறங்கியது. அதன் கையேட்டில் ஒரு கிணற்றுப் படம். பக்கத்தில் ஒற்றை எழுத்து: 井. நீ மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்த நான் ஒரே பார்வையில், "உது கிணறு" என்றேன்.

"படத்தைப் பாத்துத்தானே சொல்லுறாய்."

படம் பார்க்கவும் படிப்பு வேண்டாமா, மச்சான்?

தண்ணீர் பாய்ச்சிய பாத்தியில் பூவரசங்கம்பால் எழுதிப் பழகினோம். நீ முதலில் வேலிக்குக் கதியால் நடுகிற மாதிரி இரண்டு கால்களை நட்டுவிட்டுக் குறுக்கே இரண்டு தடி வைத்தாய். கையேட்டில் இடது கால் மட்டும் கீழே போகும்போது வெளியே வளைந்திருந்தது. அந்த வளைவுக்காக நீ ஒரு பாத்தி முழுவதையும் எழுதி எழுதி அழித்தாய். பிறகு தேங்காய்ப் பொச்சுமட்டையைப் பெயின்றில் தோய்த்துச் சாக்கில் போட்டோம். பிள்ளையார் சுழி இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது என்று மேலே ஒரு 'உ' போட்டு வைத்தது என் மூளை.

அதற்குப் பிறகு உன் சாக்கு ஒருநாளும் மாறவில்லை. ஆனால் சந்தைத் தரகருக்கு அது வேலிப் படலைக் கதவாகத்தான் தெரிந்தது; வாய் சும்மா இருக்குமா? "படலைக்காரன்ரை மூட்டை வந்திட்டுது, திறந்து விடுங்கோடா" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். "அது கிணறு" என்று நீ ஒவ்வொரு முறையும் சொன்னாய். ஒருநாள் திரும்பி வரும்போது சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "எழுத்துத் தெரிஞ்ச ஒராள் ஒருக்கா வாசிச்சாக் காணும். இல்லாட்டி நாங்கள் எழுதினது படலைதான்."

பெரியாஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதும் நீ உன் நோய் வருத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சாக்கைப் பற்றித்தான் கேட்டாய். நான் சொன்னேன்: "நேற்றுச் சீன எஞ்சினியர் ஒருத்தர் சந்தைக்கு வந்தவர். றோட்டுப் போடுறவர். ஜீப்பாலை இறங்கி, உன்ரை சாக்கைத் தடவி வாசிச்சவர். இனி மற்றவையும் வருவினம், இருந்து பார்."

"எப்பிடிச் சொன்னவர்?"

"'சூவான்' எண்டவர்."

நீ அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாய். "அப்ப படலை இல்லை" என்றாய்.

இப்போது தோட்டத்தை என் தங்கச்சிதான் பார்க்கிறாள். உன் மனைவி கெட்டிக்காரி, ஆனால் அவள் கைக்கு அந்த வளைவு வராது. குறி போடுவது நான். இன்று காலை நான் சாக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சீனத்துப் பெண்ணொருத்தி புருசனோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். உன் சாக்கைக் கண்டதும் நின்றுவிட்டாள். விரலால் காற்றில் நாலு கோடு இழுத்தாள். ஒரு சொல் சொன்னாள். பிறகு போனுக்குள் ஏதோ பேசினாள். போன் பேப்பர்த் தமிழில் கேட்டது: "கிணறு எங்கே உள்ளது?"

சந்தை அப்படியே நின்றது. தராசு முள்ளும் ஆடவில்லை.

"உரும்பிராயிலை. நல்ல தண்ணி" என்றேன்.

மேலே இருப்பது என்ன என்று 'உ'வைக் காட்டிக் கேட்டாள். "அது தொடக்கம்" என்றேன். தரகர் கிட்ட வந்து சாக்கைக் கனநேரம் பார்த்தார்.

"அப்ப உது கிணறுதானோ?"

"ஓம்." என் வாழ்க்கையில் ஒரு சொல்லோடு நான் நிறுத்திக்கொண்டது அதுதான்.

அந்த வளைவு என் கையில் இருக்கிறது, மச்சான். சாக்கு இல்லாத நேரமும் விரல் தொடையில் அதை எழுதிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சினியர் ஒருவரும் வரவில்லை. ஜீப்பும் வரவில்லை. உன் எழுத்தை வாசித்த முதல் ஆள் இன்று வந்தவள்தான். 'சூவான்' என்பது கட்டிலோரம் நின்று நான் கட்டிய சொல். அதையல்லவா நீ கொண்டு போனாய். திருத்திக்கொள்: 'ஜிங்'. நான் அவளை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். குரல் முதலில் கீழே இறங்க வேண்டும், பிறகு மேலே வர வேண்டும். வாளி விடுகிற மாதிரி.