நுரைக்காத துண்டு

மார்ச் 4, திங்கள்

இன்று மட்டும் நானூறு துண்டு. மேஜை நிறையப் பழைய இயந்திரங்களின் உடைசல், கையில் தண்ணீர் கலந்த ஆசிட் குப்பி. ஒரு சொட்டு விட்டால் போதும், தான் யாரென்று உலோகமே சொல்லிவிடும். துத்தநாகம் மெல்லக் குமிழியிடும். செம்பு வாயே திறக்காது. அலுமினியம் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும். மெக்னீசியம்தான் சொட்டு பட்டதுமே சீறும். அதைத் தனியே ஒதுக்கவேண்டும். அலுமினியம் உருக்கும் உலைக்குள் போனால் தீப்பிடிக்கும். உலையில் நிற்பவர் என் வீட்டுக்காரர்.

"என்னையும் சொட்டு விட்டுப் பாத்துத்தான் கட்டிக்கிட்டியா?" என்றார் சாப்பாட்டு வேளையில்.

"ஆமா. சத்தமே வரல, அதான் கட்டிக்கிட்டேன்."

மார்ச் 6

ஆறு வருடம். ஒன்றுகூடத் தப்பியதில்லை. பெருமைதான், இருந்தால் என்ன?

மார்ச் 12

உலையில் தீ. அவருக்குக் கையில் காயம்.

மார்ச் 13

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. கண்ணைப் பறிக்கிற வெள்ளைத் தீ. ஒருவர் வாளியோடு ஓடினார். "தண்ணி ஊத்தாத!" என்று கத்தி, உப்புத்தூளை அள்ளிக் கொட்டி அமுக்கியது என் வீட்டுக்காரர்தான். வலது முழங்கை வரை கட்டு.

நான் பார்த்து அனுப்பிய குவியலின் மிச்சத்தைக் கிளறினேன். சாம்பல் நிறப் பெயின்ட் அடித்த துண்டு ஒன்று. சொட்டு விட்டேன், சத்தமில்லை. அரத்தால் சுரண்டிவிட்டு மறுபடி ஒரு சொட்டு விட்டேன் — சீறியது. ஐயோ, பெயின்ட் மேலேயே விட்டிருக்கேனே! சுரண்டாம எப்படி விட்டேன்? அப்படி என்ன அவசரம் எனக்கு?

முதலாளி, உடைசல் கொண்டுவந்த லாரிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். "அவர் மேல தப்பில்லைங்க. நான் பாத்த துண்டுதான்" என்றேன். முதலாளி திரும்பி உள்ளே போய்விட்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 15

இனி அந்த மேஜையில் உட்காரமாட்டேன் என்று இவரிடம் சொன்னேன்.

"கோபம் இருக்கு, இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா புதுசா ஒருத்தர் வந்து தப்பு பண்ணிப் படிக்கிறதுக்கு என்கிட்ட இன்னொரு கைதான் இருக்கு" என்றார்.

சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன்.

ஏப்ரல் 8

இன்று அவர் மீண்டும் உலைக்கு வந்தார். என் மேஜையிலிருந்து முதல் கூடை போனது, நானும் பின்னாலேயே போனேன். ஒவ்வொன்றையும் சுரண்டித்தான் பார்த்தேன், சிலவற்றை இரண்டு முறை. கூடை தூக்குபவர், "அண்ணே, எதுக்கும் ஒரு தடவ கிளறிப் பாத்துக்கங்க" என்றார்.

"அவ பாத்திருக்கா" என்று சொல்லி இவர் கூடையை உலையில் கவிழ்த்தார்.

கடைசித் துண்டு உருகும் வரை நான் அங்கேயே, அவர் பக்கத்திலேயே நின்றேன்.