நான் மாற்றிச் சொன்ன பதில்

அப்பா,

இன்று மெரிலேண்ட்ஸில் ஒரு மண்டபத்தில், இந்த நாட்டின் புதிய குடிமக்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் விழா. முடிந்தபின் கதிரைகளை அடுக்குவதும் கூட்டுவதும் என் வேலை. கதிரைகளுக்கு அடியில் சின்னச் சின்னக் காகிதக் கொடிகள் கிடந்தன. மேடைத் திரையை யாரும் அணைக்கவில்லை. அதில் சுதந்திரம், சமத்துவம் என்ற சொற்கள். உங்களுக்கு மனப்பாடமானவை.

நூலகத்தில் தமிழில் கிடைத்த குடியுரிமைச் சோதனைப் புத்தகத்தைக் கோழித் தொழிற்சாலை இடைவேளையிலும் படித்தீர்கள். படகில் வந்து தற்காலிக விசாவில் இருக்கும் நாங்கள் அந்தச் சோதனைக்கு அமரவே முடியாது. தெரிந்தும் படித்தீர்கள்.

"என்ன, மந்திரியாகப் போறீரோ?" என்று மேல்மாடி அங்கிள் பகிடி பண்ணுவார்.

"ஓம். முதல் கையெழுத்து உம்மட விசாவுக்குத்தான்" என்பீர்கள்.

பதினோராம் வகுப்பில், படித்து என்ன பயன், விடப்போகிறேன் என்றேன். நீங்கள் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு புத்தகத்தோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தீர்கள். வகுப்பில் வாயே திறக்காத நான்தான் உங்களுக்கு மொழிபெயர்க்க வேண்டும்.

"எல்லாருக்கும் சம வாய்ப்பு எண்டு இதில கிடக்கு. என்ர பிள்ளைக்கும் யூனிவர்சிற்றியில இடம் இருக்கோ எண்டு கேள்."

கேட்டேன். ஆசிரியை நல்லவர். அந்தப் புத்தகம் குடிமக்களாகப் போகிறவர்களுக்கானது, எங்கள் விசாவுக்கு உள்ளூர் மாணவர்களுக்குரிய இடம் கிடையாது, அது மாறும் என்று தான் நினைக்கவில்லை என்று என் முகத்தைப் பாராமல் சொன்னார்.

நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மேலிடத்துக்கு எழுதிக் கேக்கிறாவாம், அப்பா. பதில் வருமாம்."

எழுந்து அவரின் கையைப் பிடித்து நன்றி சொன்னீர்கள். எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, "எங்கட ஊரில இப்பிடிப் போய்க் கேக்க ஏலுமே?" என்று பெருமைப்பட்டீர்கள்.

பதில் வரும்வரைக்கும் என்று சொல்லி வேலைக்குப் போனேன். ஏழு மாதத்தில் உங்கள் இதயம் நின்றது. அதற்கு முதல்நாள் ஆஸ்பத்திரியிலும், கடிதம் வந்ததா என்றுதான் கேட்டீர்கள். வரும் என்றேன். புத்தகத்தின் அந்தச் சமத்துவச் சொற்களை நீங்கள் கடைசிவரை நம்பியது என் பொய்யால்தான் அப்பா.

இப்போது அம்மாவுக்கு நான்தான் கடிதங்களை வாசித்துச் சொல்கிறேன். ஒரு சொல்லும் மாற்றுவதில்லை. போன கிழமை வந்தது, எங்கள் விசா மனுவை மறுத்த கடிதம். நான் முடிக்கும்வரை அம்மா நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"அப்பாவுக்குச் சொன்ன மாதிரி எனக்கும் ஒருக்காச் சொல்லு, பிள்ளை" என்றார்.

முயன்று பார்த்தேன், அப்பா. வாயில் வரவில்லை.