பையில் இருந்த பழைய செயின்

புதுச் செயினின் உறையைக் கிழித்ததும் அந்த எண்ணெய் வாசம் வந்தது, நண்பா. ஜார்ஜ்டவுன் கடைக்காரர் என் சைக்கிளின் பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டைச் சுழற்றி, பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு நீயும் இப்படித் தடவிப் பார்த்திருந்தால், நீ பெண் பார்க்கப் போன கதை அவ்வளவு கூத்தாகியிருக்காது.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெண் வீடு மலைக்கு அந்தப் பக்கம், பாலிக் புலாவில். உன் அம்மா, அத்தைகள், பழத்தட்டுகள் என்று கார் நிரம்பிவிட்டது, மாப்பிள்ளைக்குத்தான் இடமில்லை. "நாங்க சைக்கிள்ல வந்துடுறோம் லா," என்றாய், என்னைக் கேட்காமலே. "நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்ன வந்து சேருங்க," என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நல்ல காரியத்துக்காகவே முதல் நாள் உன் சைக்கிளுக்குப் புதுச் செயின் மாட்டியிருந்தாய். ஏழு கியர் கேசட்டுக்கு ஏழு கியர் செயின், அளவில் குற்றமில்லை. ஆனால் கேசட்டோ பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்து போனது. சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. மலையேற்றத்தில் அழுத்தி மிதித்ததும் செயின் பற்களில் நிற்காமல் வழுக்கத் தொடங்கியது. கியரை மாற்றினாலும் அதே கதை.

"தள்ளிக்கிட்டே போனா ராகு காலத்துலதான்டா போய் நிப்போம்," என்றேன். உன் முகம் வாடிவிட்டது. அந்தப் பெண்ணை ஒரு கல்யாண வீட்டில் ஏற்கெனவே பார்த்து நீ மனத்தைப் பறிகொடுத்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சட்டென்று பையைக் கவிழ்த்தாய். செய்தித்தாளில் சுற்றிய பழைய செயின் விழுந்தது. எதையும் வீசத் தெரியாத உன் குணத்தை எத்தனை கேலி செய்திருப்பேன். "இந்தப் பல்லுக்கு இதுதான்டா பழகினது, புடி," என்றாய். ஜாதிக்காய் மரத்தடியில் உட்கார்ந்து மாற்றினோம். ஒரு வழுக்கலும் இல்லாமல் ஏறியது. இறக்கத்தில் நீ போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நேரத்துக்குப் போய்விட்டோம். ஆனால் நாலு கையும் கன்னங்கரேல். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். தேநீர்த் தட்டோடு வரவேண்டிய பெண், ஒரு கிண்ணத்தில் சமையல் எண்ணெயும் சீனியும் கொண்டுவந்து உன் முன்னால் வைத்தார்.

"மொதல்ல இதத் தேச்சுக் கையக் கழுவுங்க. டீ அப்புறம்."

அப்போதே கல்யாணம் முடிவாகிவிட்டது.

நீ கண்ணை மூடியபின் உன் மனைவி அதிகம் பேசுவதில்லை. போன வாரம் பார்த்தபோது, "அண்ணே, இப்ப நீங்களும் அவர மாதிரி பழைய செயினத் தூக்கிட்டுத்தான் சுத்துறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

கடைக்காரர் வேலையை முடித்துவிட்டு, "பழச வீசிடவா, அங்கிள்?" என்றார்.

"வேணாம்பா, குடுங்க."

சுற்றாமல் அப்படியே பையில் போட்டுக்கொண்டேன். ஏற்றத்தில் அது முதுகுக்குப் பின்னால் கலகலக்கிறது. நீ எட்டிப் பிடிக்க வருகிறாய் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிக்கிறேன்.