வளையத்தின் பாதியில் திரும்பிய வண்டி

என் ஆசை அண்ணனுக்கு,

நீ போய் மூன்று மாதமாகிறது. சளிக்காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். நாலே நாளில் முடிந்துவிட்டது. நாம் இருவரும் வேலை செய்த அந்த விளையாட்டு மண்டபத்தில் நான் இன்னும் இருக்கிறேன். தலைகீழாய்ச் சுற்றும் ரயிலைக் கிளப்பும் பொத்தான் என் கையில்தான். அதைப் பழுது பார்க்க நீதான் இல்லை.

நேற்றுக் காலை நுவரெலியாவில் புல்லெல்லாம் உறைபனி. மண்டபத்துக்குள்ளேயே மூச்சு புகையாக வந்தது. நீ வைத்த வழக்கப்படி, ஆட்களை ஏற்றுமுன் மணல் மூட்டைகளைக் கட்டி வண்டியை விட்டேன். சரிவில் இறங்கி வளையத்தில் ஏறியது. உச்சிக்குப் போகவில்லை, அண்ணே. பாதியில் தயங்கி, பின்னால் சறுக்கி வந்து, அடியில் ஆடி ஆடி நின்றது.

வெளியே நோர்வூட்டிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று கூச்சலிட்டார்கள்.

வண்டியை மேடைக்கு இழுத்து வந்தோம். "குளிருக்கு அப்பிடித்தான் இருக்கும். இன்னொருக்கா விடு" என்றார் மேனேஜர். விட்டேன். இம்முறை மூட்டைகளோடு முழுதும் சுற்றி வந்துவிட்டது.

"பாத்தியா? கதவத் தொற."

"ஏன் ஏறலன்னு தெரியாம புள்ளைங்கள ஏத்த மாட்டேன் சார்."

"அப்ப ரயில் சாவிய வச்சிட்டு வீட்டுக்குப் போ."

"போறேன் சார். ஆனா சாவிய ஃபிட்டர் கையிலதான் குடுப்பேன்."

அப்படிச் சொன்னது நான்தானா?

உன் இடத்துக்கு வந்திருக்கும் ஃபிட்டர் நிமல் ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்தார். கடைசிப் பெட்டியில் ஒன்று அசையவே இல்லை. "குளிரு மட்டுமில்ல நங்கி, பேரிங் உடைஞ்சி போச்சி" என்றார். சிங்களத்தில் தங்கச்சி என்று அவர் கூப்பிட்டதும் அழுகை வந்துவிட்டது.

மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் முகம் வாடித் திரும்பிப் போனார்கள். மேனேஜர் அதன்பின் என்னிடம் பேசவில்லை. எனக்கு அது பெரிதில்லை. அடுத்த ஓட்டத்தில் மூட்டைகளுக்குப் பதில் அவர்களை ஏற்றியிருந்தால்? வண்டி உச்சியிலேயே நின்றிருந்தால்? கண்ணை மூடினால் தொங்கும் சின்னக் கால்கள்தான் தெரிகின்றன. நீயும் தினம் இப்படித்தான் பயந்தாயா? ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை?

திங்கட்கிழமை புது பேரிங் போட்டுத் திறக்கிறார்கள். நான் போவேன். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணே: இந்தப் பயம் என்னை விட்டுப் போகும் நாளில், அந்தப் பொத்தானைத் தொடமாட்டேன்.

உன் கூடப் பிறந்த தங்கச்சி,
ஜெயா